650 ரூபாய் பார் ஏன் முறுக்கியது, 3,800 ரூபாய் பார் முறுக்காதா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் 650 ரூபாய்க்கு ஒரு பிரேக்கர் பார், அதாவது இறுகிய நட்டைக் கழற்றுகிற நீளக் கைப்பிடி வாங்கினீர்கள், 24 இஞ்சு நீளம், அரை இஞ்சு டிரைவ் (நட்டின் மேல் மாட்டுகிற சாக்கெட்டுக்குள் போகும் சதுர முனையின் அளவு). அதை வைத்து காரின் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஆக்சில் நட்டைக் கழற்றப் பார்த்தபோது அசையவில்லை. மூன்றடி இரும்புப் பைப்பைச் சொருகி மேலே ஏறி அழுத்தியதும் பாரின் சதுர முனை முறுக்கிக்கொண்டது. இப்போது உள்ளூர்க் கடையில் 3,800 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டி வாழ்நாள் உத்தரவாதம் என்கிறார்கள். எந்த பிராண்ட் வாங்குவது, இந்த விலை நியாயமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது: முறுக்கியது பாரின் குறையா, அல்லது எந்தப் பாரும் தாங்காத சுமையை அதன் மேல் ஏற்றினீர்களா? இது தெளிவாகாமல் 3,800 கொடுத்தால், அடுத்த மாதம் அதையும் இதே போல் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் வாய்ப்பு நிறைய இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஹெல்ப்பராகச் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 24 வருடம். இத்தனை வருடத்தில் பிரேக்கர் பார் வளைந்தும் முறிந்தும் பார்த்திருக்கிறேன், இரண்டு மூன்றை நானே முறித்திருக்கிறேன். கீழே சொல்வதில் கணக்கு எதுவோ அது கணக்கு, யார் போட்டாலும் அதேதான் வரும். என் கை அனுபவம் எதுவோ அதை அனுபவம் என்றே சொல்கிறேன், அதில் நீங்கள் மாறுபடலாம்.

முதலில் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 24 இஞ்சு பாரின் கைப்பிடியில், அதாவது முனையிலிருந்து சுமார் 55 சென்டிமீட்டர் தூரத்தில், தன் முழு எடையையும் போட்டால் நட்டுக்குப் போகிற முறுக்கு விசை 380 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் வரும். 10 கிலோ எடையை ஒரு மீட்டர் தூரத்தில் தொங்கவிட்டால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதியை வாயாலேயே போட்டுவிடலாம். இப்போது உங்கள் மூன்றடிப் பைப்பைச் சேருங்கள். ஒரு அடி பாரின் மேல் ஏறிக்கொண்டாலும் கை நிற்கிற இடம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். அதே 70 கிலோ இப்போது 800க்கு அருகில் போகிறது. மெதுவாக எடையை ஏற்றினால்தான் இது. நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுபோல ஒரு குதி குதித்து அழுத்தினால் அந்த நொடியில் சுமை இரண்டு மடங்குக்கும் மேலே கூடப் போகும்.

மறுபக்கம், பார் எவ்வளவு தாங்க வேண்டும்? சதுர முனை உள்ள கைக் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 3315 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அரை இஞ்சு டிரைவ் கருவிக்கு அது கேட்கிற சோதனைச் சுமை 512 நியூட்டன் மீட்டர். நல்ல கம்பெனிகள் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும்படி செய்வார்கள், ஆனால் இரண்டு மடங்கு தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைப் இல்லாமல் ஒரு ஆள் எடையில், அதாவது 380க்குள், 24 இஞ்சு பார் முறுக்கியது என்றால் அது மட்டமான பார், தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். பைப் போட்டு 800க்குக் கொண்டுபோய் முறுக்கியது என்றால் அதை வைத்துப் பார் நல்லதா மட்டமா என்று சொல்ல முடியாது, 3,800 ரூபாய் பாரும் அந்த இடத்தில் போயிருக்கலாம். உங்களுடைய 650 ரூபாய் பார் நல்ல பார் என்று நான் சொல்லவில்லை. அது கெட்டது என்பதற்கு நீங்கள் காட்டுகிற சாட்சி செல்லாது என்றுதான் சொல்கிறேன்.

அதனால் பிராண்டுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது டிரைவ் அளவும் நீளமும்தான், அதுவும் இரண்டையும் சேர்த்து. சதுரத்தின் பலம் அதன் பக்க அளவின் மூன்றாம் அடுக்கைப் (அளவு × அளவு × அளவு) பொறுத்து ஏறும். அரை இஞ்சிலிருந்து முக்கால் இஞ்சுக்குப் போனால் அளவு ஒன்றரை மடங்குதான், பலம் மூன்று மடங்குக்கும் மேல். அதே கணக்கில் மூன்றெட்டு (3/8) இஞ்சு டிரைவ், அரை இஞ்சின் பலத்தில் பாதிகூட இல்லை. ஆகவே அரை இஞ்சு டிரைவுக்கு 24 இஞ்சு நீளம் என்பது ஏறக்குறைய எல்லைக்கோடு. 30 இஞ்சு, 40 இஞ்சு நீளத்தில் அரை இஞ்சு டிரைவ் பார் விற்கிறார்கள், பார்க்க ஆசையாக இருக்கும். 40 இஞ்சு பாரில் 70 கிலோ ஆள் எடையைப் போட்டாலே 650 நியூட்டன் மீட்டர் வந்துவிடும், அதாவது பைப்பைச் சொருகி விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்க மாட்டேன். அவ்வளவு நீளம் தேவைப்படுகிற வேலை என்றால் அது முக்கால் இஞ்சு டிரைவ் செய்ய வேண்டிய வேலை, லாரி, டிராக்டர் சக்கர நட்டு மாதிரி.

வீட்டுக் காருக்கு அவ்வளவெல்லாம் தேவையே இல்லை. சின்னக் கார்களின் சக்கர நட்டு 100 நியூட்டன் மீட்டரைச் சுற்றித்தான் முடுக்கப்பட வேண்டும். பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து அடித்து அதை இரண்டு மடங்கு ஆக்கி வைத்திருந்தாலும் 18 இஞ்சு பாரில் சாதாரண உடம்புள்ள ஒருவர் கழற்றிவிடலாம். காரோடு வருகிற குட்டை எல் ஸ்பேனரில் ஏறி நின்று உதைக்கிற அவஸ்தைக்கு ஒரு 18 இஞ்சு பாரும், நட்டுக்குச் சரியான சாக்கெட் ஒன்றும் டிக்கியில் இருந்தால் போதும். ஆக்சில் நட்டு வேறு கதை, பல கார்களில் முடுக்குவதே 200க்கு மேல், அதில் துருவும் சேர்ந்துகொண்டால் கழற்ற இன்னும் கூடும். அதற்குத்தான் 24.

சரி, நீளத்தை முடிவு செய்தாயிற்று, இனி எது நீடித்து உழைக்கும் என்று பார்ப்போம். பிரேக்கர் பாரில், ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்புகிற ராட்செட் கைப்பிடி மாதிரி உள்ளே பல்லோ ஸ்பிரிங்கோ கிடையாது, அதுதான் அதன் பலம். கெட்டுப்போக மூன்றே இடம் உண்டு. ஒன்று சதுர முனை. சாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள அதில் ஒரு சின்ன பால் இருக்கும், அது உட்கார ஒரு துளை போட்டிருப்பார்கள், விரிசல் பெரும்பாலும் அந்தத் துளையின் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். இரண்டாவது, முனை ஆடுகிற கவட்டையும் அதன் குறுக்கே போகிற பின்னும். கவட்டையின் இரண்டு காதும் பாருடன் ஒரே துண்டாக அடித்துச் செய்ததா, அல்லது தனியாகச் செய்து பற்றவைத்ததா என்று பாருங்கள். பற்றவைத்தது என்றால் குரோம் பூச்சுக்கு அடியிலும் ஒரு மேடு தெரியும், விரலால் தடவினால் தட்டுப்படும். அதை வாங்காதீர்கள். காதுகள் கனமாக இருக்க வேண்டும், சதுர முனையின் கட்டை அவற்றுக்கு நடுவில் அதிக இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். புதிதாக இருக்கும்போதே பக்கவாட்டில் லொடலொட என்று ஆடினால், சுமை ஏறும்போது ஒரு காதின் மேலேயே எல்லாம் போய்ச் சேரும், அது விரியும். அந்தக் குறுக்குப் பின் ஸ்குரூவாக இருந்து கழற்றக்கூடியதாக இருந்தால் ரொம்ப நல்லது, ஏனென்றால் சில கம்பெனிகள் சதுர முனையைத் தனியாக விற்கின்றன. முனை போனாலும் பார் உங்களிடமே இருக்கும்.

மூன்றாவது இடம் தண்டு. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. தண்டு வளையாமல் இருக்கிற பலமும் விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 16 மில்லிமீட்டர் தண்டைவிட 20 மில்லிமீட்டர் தண்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாங்கும், கையில் பிடிக்கும்போது வித்தியாசம் கொஞ்சம்தான் தெரியும். கையோடு தடிமன் அளக்கிற வெர்னியர் ஒன்று இருந்தால் கொண்டுபோங்கள், கைப்பிடியில் அளக்காமல் தலைக்குப் பக்கத்தில் அளங்கள், சுமை அதிகம் அங்கேதான். 24 இஞ்சுக்கு 18 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எனக்குத் திருப்தி இருக்காது. ஆனால் தடிமன் மட்டும் போதாது. 18 மில்லிமீட்டர் சாதா மைல்ட் ஸ்டீல் கம்பி 140 நியூட்டன் மீட்டர் வாக்கிலேயே நிரந்தரமாக வளைய ஆரம்பித்துவிடும். அதே தடிமனில் 380 தாங்க வேண்டும் என்றால் அலாய் ஸ்டீலாக இருக்க வேண்டும், அதற்குச் சரியான ஹீட் ட்ரீட்மென்ட்டும் ஆகியிருக்க வேண்டும்.

இங்கேதான் கண்ணுக்குத் தெரியாத விஷயம் வருகிறது. குரோம் வெனடியம் என்று பாரின் மேல் பொறித்திருப்பார்கள், சிலவற்றில் குரோம் மாலிப்டினம் என்று இருக்கும். இரண்டுமே நல்ல எஃகுதான், எது உசத்தி என்ற சண்டையில் எனக்கு அக்கறையில்லை. இந்த ஹீட் ட்ரீட்மென்ட்தான் முக்கியம். நம் ஊர்ப் பட்டறையில் அரிவாளைக் காய்ச்சி முக்கித் துவைச்சல் போடுகிறார்களே, ஒரே இரும்பை ஒருவர் துவைச்சல் போட்டால் வாய் மடங்கும், இன்னொருவர் போட்டால் வருடக்கணக்கில் வரும், அதே விஷயம்தான் இதிலும். கடினம் குறைந்தால் முறுக்கும், வளையும். கூடிப்போனால் கண்ணாடி மாதிரி பட்டென்று உடையும். இரண்டில் எனக்கு முறுக்குகிற பாரே மேல். உங்களுடையது முறுக்கியது, உடையவில்லை, அதனால்தான் நீங்கள் பைப்போடு தரையில் போய் விழவில்லை. 2009-ல் எனக்கு ஒரு பார் கவட்டையில் உடைந்து, முழங்கை ஃபெண்டரில் அடித்து இரண்டு வாரம் கையைத் தூக்க முடியாமல் இருந்தேன். உடைந்த இடம் மணல் மணலாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது, கொஞ்சம்கூட இழுபட்ட தடயமே இல்லை. அது துவைச்சல் கூடிப்போன இரும்பு.

அரத்தால் தேய்த்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மை, ஆனால் குரோம் பூச்சே கடினமானது, அதன் மேல் அரம் வழுக்கும், அதை வைத்து உள்ளே எஃகு நல்லது என்று முடிவு கட்ட முடியாது. பூச்சு இல்லாத இடத்தில் தேய்க்க எந்தக் கடைக்காரரும் விடமாட்டார். ஆகவே துவைச்சலை வாடிக்கையாளர் சோதிக்க முடியாது என்பதே நேர்மையான பதில். யார் செய்தது என்ற பெயரைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது, பிராண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்குத் தெரிகிற ஒரே நியாயமும் அதுதான். பெயர் என்றால் வெளிநாட்டுப் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜலந்தர், லூதியானா பக்கம் கைக் கருவி செய்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிறார்கள், நாசிக்கில் டபாரியா இருக்கிறது. பாக்கெட்டில் செய்தவர் பெயரும் முகவரியும் தரநிலை எண்ணும் இருக்கிற பாருக்கும், ஒன்றுமே இல்லாமல் பளபளவென்று குரோம் மட்டும் இருக்கிற பாருக்கும் வித்தியாசம் உண்டு.

ஒரு வழி மட்டும் எப்போதும் கையில் இருக்கிறது, தராசு. ஆன்லைன் பக்கத்திலேயே எடை போட்டிருப்பார்கள். 18 மில்லிமீட்டர் தண்டு, 60 சென்டிமீட்டர் நீளம் என்றாலே 1.2 கிலோ வந்துவிடும், தலையும் கைப்பிடியும் சேர்ந்தால் ஒன்றரைக்குப் பக்கத்தில் வர வேண்டும். 24 இஞ்சு என்று சொல்லி 900 கிராம் என்று போட்டிருந்தால், தண்டு மெல்லியது அல்லது உள்ளே பொள்ளல். உங்கள் பழைய பாரை நிறுத்துப் பாருங்கள், அந்த ஒரு எண் எனக்கு நிறையச் சொல்லும்.

விலைக்கு வருவோம். ஒன்றரை கிலோ அலாய் ஸ்டீலின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. அதை அடித்து, கடைந்து, துவைச்சல் போட்டு, பூச்சுப் பூசி, டீலர் லாபமும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் எங்கே வந்து நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் கடைகளில் பார்க்கிற விலையை வைத்து என் கணிப்பு இது: பெயருள்ள இந்தியத் தயாரிப்பில் 18 இஞ்சு அரை டிரைவ் பார் 700 முதல் 1,200 வரை நியாயம், 24 இஞ்சு 1,100 முதல் 1,800 வரை நியாயம். ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின் இருக்கும். 650க்கு 24 இஞ்சு என்றால் ஏதோ ஒன்றில் கை வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் துவைச்சலில். 2,500க்கு மேல் போகிறபோது கூடுதல் பலத்துக்காகக் கொடுப்பது குறைவு, கைப்பிடி, மெருகு, உத்தரவாதம், இறக்குமதிச் செலவு இவற்றுக்காகக் கொடுப்பதே அதிகம். தினமும் பத்து முறை பிடிக்கிற மெக்கானிக்குக் கைப்பிடியும் மெருகும் முக்கியம்தான், வருடத்துக்கு நாலு முறை எடுக்கிற உங்களுக்கு இல்லை. 3,800 ஏமாற்று விலை என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கு வேண்டாத விலை.

வாழ்நாள் உத்தரவாதம் என்ற வார்த்தையை வைத்து ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், பைப் போட்டதோ சுத்தியலால் அடித்ததோ தெரிந்தால் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: முறுக்கினால் இந்தக் கடையிலேயே மாற்றித் தருவீர்களா, தலை மட்டும் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லி பில்லில் எழுதிக் கொடுத்தால் அந்த உத்தரவாதத்துக்கு மதிப்பு உண்டு.

பழைய பார் வாங்கலாமா என்றால், தாராளமாக. வருடக்கணக்கில் அடி வாங்கி இன்னும் நேராக நிற்கிற பார் ஏற்கனவே தேறிய பார்தான், சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடினால் பாதி விலைக்குக் கிடைக்கும். சதுர முனையை நேருக்கு நேர் பிடித்து அதன் விளிம்புகள் நேர்கோடாக இருக்கின்றனவா பாருங்கள், லேசான முறுக்கு அங்கே தெரியும். விரிசலுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது: கவட்டையையும் முனையையும் மண்ணெண்ணெயில் நனைத்து, கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தடவி வையுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடாக வரும். ரொம்ப நுணுக்கமான விரிசல் இதில் சிக்காமலும் போகலாம், ஆனால் சிக்குவதை விட்டுவிடாமல் பிடிக்கலாம்.

நல்ல பாரையும் கெடுக்கிற பழக்கங்கள் சில உண்டு. தலை தண்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்த்துப் பிடித்து இழுத்தால் முறுக்கோடு வளைவுச் சுமையும் சேர்ந்து ஒரு காதின் மேல் விழும். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக, முடிந்தால் தடிமனான கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். பாருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தள்ளாமல் உங்களை நோக்கி இழுங்கள், நட்டு சட்டென்று விட்டால் தள்ளுகிற கைதான் அடிபடும். கழற்ற மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், முடுக்க, எவ்வளவு விசை போகிறது என்று காட்டுகிற டார்க் ரெஞ்ச் வேறு. சில பழைய லாரிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடது மறை இருக்கும், அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும், அங்கே வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் பாரைத்தான் பலி கொடுப்பீர்கள்.

கடைசியாக உங்கள் நட்டு. நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. பல கார்களில் ஆக்சில் நட்டின் விளிம்பை ஆக்சில் தண்டில் இருக்கிற பள்ளத்துக்குள் உளியால் தட்டி மடித்துப் பூட்டியிருப்பார்கள். அதை மெல்லிய உளி வைத்து முதலில் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தாமல் திருப்பினால் எவ்வளவு நீளப் பைப் போட்டாலும் விடாது, விட்டாலும் மறையைச் சீவிக்கொண்டு வரும். சில வண்டிகளில் மடிப்புக்குப் பதிலாகக் கவட்டை முள் (காட்டர் பின்) இருக்கும், அதையும் எடுத்தாக வேண்டும். இதைப் பாருங்கள் முதலில். அப்புறம் முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க நட்டை அசைத்து மட்டும் விடுங்கள், ஜாக்கில் நிற்கிற காரில் இந்த இழுவை இழுக்கவே கூடாது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு முழுதாகக் கழற்றலாம். திரும்பப் போடும்போது புது நட்டு வாங்குங்கள், மடித்த விளிம்பை இரண்டாம் முறை மடித்தால் பிடிக்காது.

அந்த மடிப்பை நிமிர்த்தியிருந்தீர்களா, பழைய பார் எத்தனை கிராம் நிற்கிறது, இரண்டையும் பதிலில் எழுதுங்கள். மடிப்பு நிமிராமல்தான் இருந்தது என்றால் 1,500 ரூபாய்க்குள் ஒரு 24 இஞ்சு பாரே இந்த வேலைக்குத் தாராளம்.